டீச்சரின் அலுமாரியும் சத்தம் போடாத பவர் சப்ளையும்

போன வாரம் நம் கணினிக் கடைப்பக்கம் வந்திருந்தேன். வந்தது வேறு அலுவலுக்குத்தான். ஆனாலும் முப்பத்தொரு வருடம் நின்ற இடம் என்பதால் காது தானாகவே கவுண்டர் பக்கம் போய்விட்டது. ஒருவர் வந்து, "நல்ல பவர் சப்ளை ஒண்ணு வேணும்" என்றார். கவுண்டரில் நின்ற உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், உடனே "எத்தன வாட்?" என்று கேட்டார். வந்தவரும் சளைக்காமல், "இருக்கிறதிலேயே கூடினது" என்றார். இரண்டு பேரும் திருப்தியாகச் சிரித்துக்கொண்டார்கள். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

கோபிக்காதீர்கள். நானும் இருபது வருடத்துக்கு மேல் அதே கேள்வியைத்தான் கேட்டேன். கம்பளையிலிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்து, இந்தக் கடையின் மாடிப்படியை ஏறி, ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் திறந்து மூடியவன் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். அந்த நினைப்பு எங்கே போய் முட்டிக்கொண்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எந்த வயர் எங்கே போகும் என்பதெல்லாம் பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கிறது. அதை நீங்கள் படிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித் தந்தவர், கணினிக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார், சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி. கனமாக இருந்தால் உள்ளே சாமான் இருக்கிறது, லேசாக இருந்தால் காற்று இருக்கிறது என்பார். முழுக்கச் சரியில்லை என்றாலும் அவ்வளவு பிழையும் இல்லை. அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. புதிதாகப் பூட்டிய மெஷின் டிக் என்றோ டப் என்றோ சத்தம் போட்டு நின்றுவிட்டால், இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நிற்பார். "கை வெளிய இருந்தா மறுபடி சுவிச்சத்தான் தேடும்" என்பார். அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்த ஒரு பழக்கம்தான்.

இனி பரீதா டீச்சருக்கு வருகிறேன். கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு முன்னைவிட அதிகமாக வேலை செய்தார். கண் பார்வையில்லாத ஏழு பிள்ளைகள் அந்த வருடம் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நாவலப்பிட்டிப் பக்கம், இரண்டு பேர் கம்பளை, மற்றவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அவர்களுக்காக டீச்சர் வரலாற்றுப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து, ஒரு பகுதி முடிய முடிய அனுப்பிவைப்பார். யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை, அவராகவே பிடித்துக்கொண்ட வேலை.

வீடு மெயின் ரோட்டோடு ஒட்டியது. பக்கத்துப் பாலத்தைக் கடக்க வரிசையில் நிற்கும் பஸ்களின் ஹோர்ன் சத்தம் வீட்டுக்குள் குடியிருந்தது. டீச்சர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெரிய அலுமாரி ஒன்றில் சேலைகளை இரண்டு பக்கமும் நெருக்கித் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை வைத்து, முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு தலையை உள்ளே விட்டுக்கொள்வார். சேலைகள் வெளிச்சத்தம் முழுவதையும் குடித்துவிடும். நான் முதல் தடவை போனபோது டீச்சரின் கால்கள்தான் எனக்குத் தெரிந்தன. அலுமாரிக்குள்ளிருந்து கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தது.

பஸ்ஸை வென்ற டீச்சரால் தன்னுடைய கணினியை வெல்ல முடியவில்லை. பழைய பெரிய பெட்டி அது. அதன் பவர் சப்ளைக் காற்றாடி போட்ட சத்தம் எல்லாப் பதிவிலும் விழுந்திருந்தது.

"ஒரு புள்ள போன் பண்ணிக் கேக்குது, டீச்சர், நீங்க வாசிக்கிற நேரம் பின்னால யாரு மா அரைக்கிற எண்டு" என்றார். "எனக்கு வெக்கமாப் போச்சு தம்பி. சத்தம் போடாத ஒண்டு வேணும். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சாண் எடம்தான் ஈக்குது. அதுக்குள்ள நிக்கவும் வேணும்."

இன்னொன்றையும் அன்றைக்குச் சொன்னார். தொண்டையில் சிறிய சத்திரசிகிச்சை ஒன்று முடிந்திருந்தது. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது என்று டொக்டர் கட்டளை. அந்த அரை மணித்தியாலங்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் பதினான்கு மாதமாகப் பாடங்களைப் பதிவு செய்திருந்தார். கடைசிப் பகுதி, அதுதான் மிகப் பெரிய பகுதி, இன்னும் பிள்ளைகளுக்குப் போகவில்லை. பரீட்சைக்கு ஏழு வாரம் இருந்தது.

இப்போது சொல்லுங்கள், இவரிடம் "எத்தன வாட்?" என்று கேட்பீர்களா? நான் கேட்டேன். டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "அது ஒங்கட வேல. எனக்குத் தெரிஞ்சது எவ்வளவு சத்தம் எண்டது மட்டும்தான்" என்றார். அந்த ஒரு பதிலில் நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கேட்ட கேள்வி செத்துப்போனது.

அவருடைய மெஷின் கரண்ட் குடித்தது ஒரு மேசைக் காற்றாடியும் இரண்டு பல்பும் குடிக்கிற அளவு. அதற்குக் கொஞ்சம் தாராளமான ஒரு பவர் சப்ளை கொடுத்தால் அது வியர்க்காது. வியர்க்காவிட்டால் அதன் காற்றாடி சுழல வேண்டியதில்லை. அதற்கும் மேலே போவது நான்கு பேர் வீட்டுக்கு நாற்பது பேரின் சோற்றுப் பானை. சாண் அகல இடம் என்பதால் பெட்டி சின்னது, பவர் சப்ளையும் சின்ன ரகம்தான் வேண்டும். சின்னப் பெட்டிக்குள் தேவையில்லாத வயர்கள் சுருண்டு கிடந்தால் காற்றுப் போக வழியில்லாமல் சூடேறும், காற்றாடி அலறும். ஆகவே மொடியூலர், அதாவது தேவையான கேபிளை மட்டும் செருகிக்கொண்டு மீதியைப் பெட்டியிலேயே விட்டுவைக்கக்கூடிய வகை. இவ்வளவும் நான் யோசித்தது. தேர்ந்தெடுத்தது டீச்சர்.

கடைக்கு வந்து, கடையின் காற்றாடியை நிறுத்தச் சொன்னார். ரேடியோவை நிறுத்தச் சொன்னார். யன்னலைச் சாத்தச் சொன்னார். நாங்கள் எல்லோரும் வேர்த்து ஒழுக நிற்க, மேசையில் ஒரு கணினியோடு பூட்டி ஓடிக்கொண்டிருந்த முதலாவது பவர் சப்ளைக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"இதுக்குள்ள ஒரு நுளம்பு ஈக்குது."

நான் குனிந்தேன். ரீங்காரம் ஒன்றும் இல்லை. காற்றாடிகூட ஓடவில்லை, கல்லுப் போல அமைதி. "ஒண்ணும் கேக்கல டீச்சர். புது சாமான்."

"கேக்குது. நான் ஸ்கிரீன்ல இந்த எழுத்த மேல கீழ அசைக்கக்கொள்ள இன்னும் கூடக் கேக்குது."

எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு காலம் வேலை செய்தவனுக்கு வரலாறு டீச்சர் காது பிடித்துச் சொல்லித்தருவதா? கவுண்டரில் இருந்த சாந்தியைக் கூப்பிட்டேன். சாந்தி எங்கள் கடைக்குத் திரும்பி வரும் சாமான்களைப் பொறுப்பெடுக்கிறவர், அப்போது இருபத்தெட்டு வயது. எனக்காகச் சாட்சி சொல்வார் என்றுதான் கூப்பிட்டேன்.

"சீ... என்டு ஒரு சத்தம் வருதே அண்ணே," என்றார் சாந்தி. "ஒங்களுக்குக் கேக்கலையா?"

கடையில் நின்ற எல்லோரையும் வரிசையாகக் குனிய வைத்தோம். இளசுகளுக்கெல்லாம் நுளம்பு கேட்டது. டீச்சரைத் தவிர ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கும் கேட்கவில்லை. உள்ளே இருக்கும் சுருள் கம்பிகள் அதிர்வதால் வரும் மெல்லிய கீச்சு அது. வயது போகப் போக நம் காதில் முதலில் கழன்று விழுவது அந்த உயரமான சத்தங்கள்தான். அறுபதைத் தாண்டிய டீச்சருக்கு எப்படிக் கேட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் யார் கதைக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் பழகிய காது என்றார் அவர். அன்றிலிருந்து சத்தம் பார்க்க என் காதை நான் நம்பியதில்லை. நீங்களும் ஒரு வயதுக்கு மேல் பக்கத்தில் உள்ளவரைக் கூப்பிடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

இரண்டாவதில் நுளம்பு இல்லை. ஆனால் அதன் காற்றாடி கொஞ்சம் சூடானால் எழும்பும், குளிர்ந்தால் படுக்கும், மறுபடி எழும்பும். "இது சளி புடிச்ச ஆள் மாதிரி" என்று தள்ளிவைத்தார். ஒரே மாதிரியான மெல்லிய சத்தத்தைக் காது மறந்துவிடும், எழும்பிப் படுக்கும் சத்தத்தை மறக்காது. மூன்றாவது, உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. தூக்கினால் எதிர்பாராத கனம். எனக்குச் சொல்லித் தந்தவர் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். டீச்சர் காதை வைத்து ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு, "ஓடுதா?" என்று கேட்டார். அதைத்தான் வாங்கினார், அதை வைத்தே சின்னப் பெட்டியில் ஒரு புது மெஷினைப் பூட்டினேன்.

அந்தச் சின்ன ரகத்தில் ஒரு குறை உண்டு. சின்னப் பெட்டிகளுக்காகச் செய்வதால் கூட வரும் கேபிள்களும் கட்டையாக இருக்கும். இங்கேதான் எங்கள் கடையின் பிஸ்கட் டின் கதைக்குள் வருகிறது.

பெரிய சதுர டின் அது. பழுதாகித் திரும்பி வந்த மொடியூலர் பவர் சப்ளைகளின் கேபிள்களை எறிய யாருக்கும் மனம் வராது. எல்லாம் புத்தம் புதிது, கறுப்பு உறை போட்டு அழகாக இருக்கும். கழற்றிக் கழற்றி அந்த டின்னுக்குள் போட்டுவைப்போம். சாந்தி சும்மா போடவிடமாட்டார். ஹட்டனில் இருக்கும் அக்கா பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறவர் என்பதால் அவரிடம் கம்பளி நூல் துண்டுகள் எப்போதும் இருக்கும். ஒரே பவர் சப்ளையிலிருந்து வந்த கேபிள்களுக்கு ஒரே நிற நூலைக் கட்டி, எந்த நிறம் எதனுடையது என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பார்.

"என்ன சாந்தி, கேபிளுக்கெல்லாம் கொலுசு போட்டாச்சா? எப்ப கல்யாணம்?" என்று கேலி செய்வேன்.

"சிரிங்க அண்ணே. ஒரு வீட்டுப் பிள்ளைய இன்னொரு வீட்டுக்கு மாத்தி அனுப்புற அன்னைக்குத் தெரியும்."

கேபிளின் அந்தப் பக்கம், ஹார்ட் டிஸ்க்கில் செருகும் முனை, உலகம் முழுவதும் ஒன்றுதான். பவர் சப்ளையில் செருகும் முனையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், கச்சிதமாகப் போய் உட்காரும். ஆனால் எந்த ஓட்டையில் எந்த மின்னழுத்தம் வரும் என்பதை ஒவ்வொரு கம்பனியும் தன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். மூன்று பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமைக் காலையில் புது மெஷினைத் தூக்கிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அங்கே போய்த்தான் மாற்ற வேண்டியிருந்தது, ஏனென்றால் டீச்சர் அன்று காலைவரை அதில் பதிவு செய்துகொண்டிருந்தார். பிரதி எடுத்தீர்களா என்று கேட்காதீர்கள். எடுக்கவில்லை. பழைய மெஷினில் பிரதி எடுக்க அரை நாள் ஆகும், டிஸ்க்கைக் கழற்றிப் பூட்ட ஐந்து நிமிடம், புது மெஷினில் வேகமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோம்பேறித்தனம் எப்போதும் இப்படி நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டுதான் வரும்.

டீச்சருக்குப் பழைய சத்தத்தையும் புதிய சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. கையடக்க ரெக்கோடர் ஒன்றை அலுமாரித் தட்டில் ஓடவிட்டு, பழைய மெஷினைக் கொஞ்ச நேரம் இரைய வைத்துவிட்டு, "ம், இனி நீங்க தொடங்குங்க" என்றார்.

டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டிக்குள் வைத்தேன். பவர் சப்ளையுடன் வந்த கேபிள் நான்கு விரல் அளவு எட்டவில்லை. இதற்கென்றே சாதாரண நீட்டல் கேபிள் ஒன்று இருக்கிறது. அது எங்கள் கடைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் பையில் இருந்ததோ, தேவைப்படலாம் என்று பிஸ்கட் டின்னிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த நான்கைந்து கேபிள்கள். நீளமானது ஒன்றை எடுத்தேன். அதில் பச்சை நூல் கட்டியிருந்தது.

பச்சை யாருடையது என்று சாந்திக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நான் நினைத்தது வேறு. புது மெஷின், டீச்சர் வேறு பக்கத்தில் நின்று பார்க்கிறார், இதற்குள் பச்சைக் கம்பளி தொங்கினால் என்ன நினைப்பார்? அவருடைய கத்திரிக்கோலையே வாங்கி நூலை வெட்டி, குப்பை போடக் கூடாது என்று காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். கேபிள் இரண்டு பக்கமும் சுகமாகச் செருகியது. பெட்டியை மூடினேன். "இப்ப பாருங்க டீச்சர், சத்தமே வராது" என்று சுவிட்சை அமத்தினேன்.

டிக்.

வெளிச்சம் ஒன்று மின்னி அணைந்தது. பிறகு உண்மையிலேயே சத்தம் வரவில்லை. மெல்லிய ஒரு கருகல் மணம் மட்டும் வந்தது.

விரல் மறுபடி சுவிட்சை நோக்கிப் போனது. அதைத் தடுத்துக் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டேன். விட்டதும், உடனே, "டீச்சர், நான் தப்புப் பண்ணிட்டேன். வேற கேபிள் போட்டுட்டேன். ஒங்க டிஸ்க் எரிஞ்சிருக்கும்" என்று சொன்னேன்.

இப்படித்தான் இந்தக் கதையை உங்களுக்கு முன்னால் வந்த எல்லோருக்கும் சொல்லிவந்தேன். "உடனே" என்ற இடத்தில் மேசையைத் தட்டுவேன். தொழிலில் பிழை வரும், வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று முடிப்பேன். பலர் தலையாட்டியிருக்கிறார்கள்.

டீச்சர் கத்தவில்லை. கதிரையில் உட்கார்ந்தார். "பாடமெல்லாம்?" என்று மட்டும் கேட்டார். பதினான்கு மாத அரை மணித்தியாலங்கள், ஏழு வாரத்தில் பரீட்சை, அந்தத் தொண்டை. அந்த நேரத்தில் அவர் என்னை நல்லாத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

"ஒரு ஆள் இருக்கார், காட்டிப் பாப்போம்" என்றேன். டிஸ்க்கைக் கழற்றினேன். டீச்சர் அதை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டோவில் கண்டிக்குப் புறப்பட்டோம். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மடியில் இருப்பது குட்டி நாயா என்று கேட்டார்.

எங்கள் கடை மாடிப்படிக்கு எதிரே சமிந்தவின் போன் திருத்தும் கடை. பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துத் தூசி அளவு சாமான்களை ஒட்டுகிறவர். டிஸ்க்கின் பச்சைத் தகட்டைக் கழற்றிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, அண்ணனைக் கூப்பிடும் சிங்களச் சொல்லோடு என்னைப் பார்த்தார்.

"ஐயே, ஹரி, ஹரி, எல்லாம் சரி. பயப்படவாணாம். வாசல்ல நின்ன காவல்காரன் செத்துப்போய்ட்டான். வீட்டுக்குள்ள ஆக்கள் இருப்பாங்க, எனக்கு நெனைக்க."

நான் டீச்சருக்கு விளக்கினேன். பிழையான மின்னழுத்தம் உள்ளே வந்தால் தான் எரிந்து மற்றவற்றைக் காப்பாற்றுகிற ஒரு சின்னஞ்சிறு சாமான் அந்தத் தகட்டில் இருக்கிறது, எள்ளை விடக் கொஞ்சம் பெரியது. அது கடமையைச் செய்துவிட்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் டிஸ்க் திரும்ப ஓடக்கூடும். ஆனால் காவல் இல்லாத வீடு. இன்னொரு பிழை நடந்தால் எல்லாம் போகும். ஓடினால் உடனே பிரதி எடுத்துவிட்டு டிஸ்க்கை ஓய்வில் விட வேண்டும்.

"செய்யுங்க" என்றார் டீச்சர். "ஆனா இந்த முற நீங்க கேபிள் பூட்ட வாணாம்."

சமிந்த அந்தச் சாமானைப் பிடுங்கி எறிய, எதிர்க் கடையிலிருந்து கூப்பிட்ட சாந்தி கேபிளைப் பூட்டினார். கேபிளை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, "இது இந்த வீட்டுப் பிள்ளைதான், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருகினார். சமிந்த சுவிட்சை அமத்தினார். டிஸ்க் மெல்ல இரைந்து சுழலத் தொடங்கியது. அந்த இரைச்சலைக் கேட்டு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்குள் எல்லாப் பாடங்களும் இரண்டு இடத்தில் பிரதியாகிவிட்டன. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. புது மெஷின் நீட்டல் கேபிளோடு அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றது. அது ஓடுகிறதா என்று பார்க்க டீச்சர் இன்றைக்கும் அதன் முதுகில் கை வைத்துத்தான் பார்க்கிறார்.

பிஸ்கட் டின்னை எறிந்துவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். சாந்தி விடவில்லை. பிழை டின்னில் இல்லை என்றார்.

நான்கு வருடம் கழித்து நான் ஓய்வு பெற்ற அன்று கடையில் ஒரு சின்னத் தேநீர் வைத்தார்கள். உங்களில் இரண்டு பேர் அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தீர்கள். கட்லட்டைக் கடித்தபடி நான் உங்கள் இருவருக்கும் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "உடனே" என்று மேசையைத் தட்டினேன். எனக்குப் பின்னால் பரீதா டீச்சர் நின்றது எனக்குத் தெரியாது.

பிறகு என்னைத் தனியாகப் படிப்பக்கம் கூப்பிட்டார். "தம்பிக்கு ஒரு பரிசு கொண்டுவந்தேன்" என்று சொல்லித் தன் போனைக் காதோடு வைக்கச் சொன்னார். முதலில் பழைய மெஷின் இரைந்தது. பிறகு கத்திரிக்கோல் சத்தம், பெட்டி மூடும் சத்தம். பிறகு என் குரல், "இப்ப பாருங்க டீச்சர், சத்தமே வராது." பிறகு டிக். அலுமாரித் தட்டில் ஓடவிட்ட ரெக்கோடரை அன்றைக்கு இருவருமே மறந்துபோயிருந்தோம்.

டிக்குக்குப் பிறகு என் குரல் வரவில்லை. தூரத்தில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. யாரோ மூச்சு விட்டார்கள், நான்தான். இன்னொரு பஸ் வந்தது. அதுவும் போனது. அதற்குப் பிறகுதான், "டீச்சர், நான் தப்புப் பண்ணிட்டேன்."

"பத்தொம்பது செக்கன்" என்றார் டீச்சர். "அவ்வளவு நேரமும் ரெண்டு பேரும் சத்தமே இல்ல, நீங்களும் ஒங்கட பவர் சப்ளையும்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் முகம் சுட்டது. அந்தப் பத்தொன்பது செக்கனில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பொய்யொன்றைத் தயார் செய்துகொண்டிருந்தேன். "பழைய டிஸ்க் டீச்சர், இதுக்குக் காலம் முடிஞ்சிருச்சு, எப்ப வேணும்னாலும் போகும்னு இருந்தது" என்று சொன்னால் போதும். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். முகத்தைக் கூடச் சரிசெய்துகொண்டேன். அப்போது பைக்குள்ளிருந்த என் விரலில் அந்தக் கம்பளி நூல் தட்டுப்பட்டது. சாந்தி கட்டிய முடிச்சோடு அப்படியே இருந்தது. அதைத் தொட்டபடி அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் நல்லவன் என்பதால் சொன்னேன் என்றுதான் நான்கு வருடம் கதை விட்டிருக்கிறேன்.

இதை அப்படியே டீச்சரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் தம்பி. நான் அப்பயே எண்ணத் தொடங்கிட்டேன். வகுப்புல ஏதும் ஒடஞ்சா நான் யாரு எண்டு கேக்க மாட்டேன். மனசுக்குள்ள இருபது மட்டும் எண்ணுவேன். அதுக்குள்ள ஒரு புள்ள எழும்பி நான்தான் டீச்சர் எண்டு சொன்னா, அதுக்கு மேல ஒண்டும் பேச மாட்டேன்."

"இருபது ஆகியிருந்தா?"

"அப்பவும் ஒண்டும் பேசியிருக்க மாட்டேன். டிஸ்க்கத் தூக்கிட்டு வேற கடைக்குப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் இரண்டாவது கட்லட்டை எடுக்கப் போனார்.

ஆகவே பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கதையில் ஒரு சொல்லை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். "உடனே" இல்லை. பத்தொன்பது. ஒரு செக்கன் மிச்சம் வைத்துத்தான் தப்பினேன்.